மஞ்சளும் ஆக்கவுரிமையும்

புதிய பொருளொன்றையோ புதிய செய்முறையொன்றையோ கண்டுபிடித்தவரின் அனுமதியின்றிப் பிறர் அதனைக் குறித்த காலம்வரை பயன்படுத்தாவண்ணம் சட்டம் வழங்கும் தனியுரிமையே ஆக்கவுரிமை எனப்படும். அதற்கு ஈடாக அவர் தமது கண்டுபிடிப்பை உலகறிய எழுதிவைத்தல் வேண்டும். இது நியாயமான ஏற்பாடே. ஆயின், கண்டுபிடிப்பு உண்மையிற் புதியதாக இருத்தல் வேண்டும். இந்நிபந்தனை வழுவினால் விளைவது யாது என்பதை மஞ்சளின் வரலாறு நன்கு விளக்கும்.

1995ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்கு ஆக்கவுரிமை ஒன்று வழங்கப்பட்டது. புண்ணை ஆற்றுவதற்கு மஞ்சட்டூளைப் பயன்படுத்தும் முறையே அதன் பொருள். மஞ்சட்செடிக்கோ, கறிக்கு மஞ்சள் இடுவதற்கோ எவரும் உரிமை கோரவில்லை. எனினும், காயத்துக்கு மஞ்சள் அரைத்துப் பூசுவது வீட்டுக் கிழவியரும் அறிந்த கைமருந்து அன்றோ? அது புதியதானது எங்ஙனம்?

விடை அந்நாட்டின் அக்காலச் சட்டத்தில் இருந்தது. அமெரிக்காவுக்குள் முன்னரே வழங்கிய முறை புதியதன்று. பிறநாட்டு வழக்கமோ, அச்சேறிய நூலிலாவது ஆக்கவுரிமைப் பத்திரத்திலாவது இடம்பெற்றிருந்தாலன்றிக் கணக்கிற் கொள்ளப்படமாட்டாது. கோடிக்கணக்கானோரின் அன்றாடப் பழக்கம் சான்றாகவில்லை; அச்சிட்ட ஒரு பக்கம் சான்றாயிற்று.

இந்தியாவின் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி மன்றம், மஷேல்கர் அவர்களின் தலைமையில் இவ்வுரிமையை எதிர்த்து 1996இல் மறுபரிசீலனை கோரியது. சமஸ்கிருதம், உருது, இந்தி ஆகிய மொழி நூல்களும், 1953இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்த கட்டுரையும் சான்றுகளாக முன்வைக்கப்பட்டன. அவற்றை ஆராய்ந்த அமெரிக்க அலுவலகம், அம்முறை புதியதன்று என 1997இல் முடிவுசெய்து, உரிமைக் கோரிக்கைகளை நிராகரித்தது.

ஒவ்வொரு மூலிகைக்கும் இங்ஙனம் வழக்காடுதல் பெருஞ்செலவாகும். ஆகவே, 2001இல் இந்தியா பாரம்பரிய அறிவுக் களஞ்சியம் ஒன்றை அமைக்கத் தொடங்கியது. ஆயுர்வேத, யூனானி நூல்களோடு தமிழ்ச் சித்தமருத்துவ நூல்களின் முறைகளும் அதிற் சேர்ந்தன. பிறநாட்டுப் பரிசோதகர்கள் படித்தறியும்பொருட்டு, ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன், ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளில் அவை தரப்பட்டன. 2011இல் அமெரிக்கா தன் சட்டத்தைத் திருத்தி, எந்நாட்டிலும் மக்கள் அறிய வழங்கும் பயன்பாட்டைக் கருத்திற் கொள்ள வழிசெய்தது. 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜெனீவாவில், பாரம்பரிய அறிவை ஆதாரமாகக் கொண்டு ஆக்கவுரிமை கோருவோர் அவ்வறிவின் தோற்றுவாயை வெளிப்படுத்த வேண்டுமெனச் சர்வதேச உடன்படிக்கை ஒன்றும் நிறைவேறியது.

இஞ்சியிலோ மஞ்சளிலோ சத்தைப் பிரித்தெடுக்கும் புதுமுறையொன்றை உழைத்துக் கண்டவர் அதற்கு உரிமை பெறுதல் முறையே. பழமையைப் புதுமையெனப் பதிவதே தவறு. சட்டங்கள் திருந்தினும், பரிசோதகர் தேடிக் காணக்கூடியது எழுத்தில் உள்ளதையே. இலங்கையின் பரியாரிமார் சிலரது ஏட்டுச்சுவடிகளிலும் முதியோரின் நினைவிலும் மட்டும் தங்கியிருக்கும் மருத்துவ அறிவு, அவை அழியுமுன், உரியவர்களின் இசைவுடன் பதிவுசெய்யப்படல் வேண்டும். மஞ்சளைக் காத்தவை, முன்னோர் எழுதிவைத்த பக்கங்களே.