அந்திப் பொழுதின் அருமை



பால்மரம் சீவும் நமக்குக் காலத்தின் அருமையைப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. விடியற்காலைக் குளிர்ச்சியில் பட்டையைச் சீவினால் பால் தாராளமாக வடியும். வெயிலேறிய பின் சீவினால் குறைந்துவிடும். அதனாலன்றோ இருள் பிரியுமுன் பிரட்டுக்குச் சென்று நிற்கிறோம்? மரத்திற்கு உரிய வேளை இருப்பதுபோலக் குடும்பத்திற்கும் ஒரு வேளை உண்டு.

நாம் வேலைக்குப் புறப்படும்போது பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருக்கின்றனர். பாலை நிறுத்துக் கொடுத்து, வாளியைக் கழுவிக் கவிழ்த்து, வீடு திரும்பும்போது உடல் சோர்ந்துவிடுகிறது. எஞ்சுவது அந்திப் பொழுது ஒன்றே. அடுப்பில் சோறு கொதிக்கும். பிள்ளை வாசற்படியில் அமர்ந்து பாடத்தை உரக்கப் படிக்கும். பாட்டி வெற்றிலை இடித்தபடி பழங்கதை சொல்வார். நாளையும் இப்படியே இருக்கும் என்றெண்ணி நாம் அதனைக் கவனியாது விடுகிறோம். சிலர் அந்நேரத்தைக் குடியிலும் சீட்டாட்டத்திலும் கழித்துவிடுகின்றனர்.

சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். தமிழ்ப்பள்ளிப் படிப்பு 6 ஆண்டுகளே. அதன்பின் பிள்ளை பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குப் பேருந்து ஏறும். அப்படிப்பும் முடிந்தால், வேலை தேடியோ உயர்கல்வி நாடியோ தோட்டத்தை விட்டு வெளியேறும். இது நாம் வேண்டி நிற்கும் முன்னேற்றமே. ஆயினும், 7 வயதில் மடியில் சாய்ந்து கதை கேட்ட பிள்ளை 17 வயதில் அவ்வாறு கேட்பதில்லை.

வீடும் நிலையன்று. 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, ஒரே லயத்தில் நெடுங்காலம் வாழ்ந்த குடும்பங்கள் திசைக்கொன்றாய்ப் பிரிந்தன. பின்னர் ரப்பர் நின்ற பல இடங்களில் செம்பனை எழுந்தது. அவ்வாறு பிரிந்த முதியோரைக் கேட்டுப் பாருங்கள். குழாயடிப் பேச்சையும், தாய் ஒரே சட்டியில் பிசைந்து கைக்கொரு கவளமாய் உருட்டித் தந்த பழைய சோற்றையும் சொல்லிக் கண் கலங்குவர்.

ஆகவே, செலவில்லாத ஒரு செயலை மேற்கொள்வோம். நாள்தோறும் ஒருவேளை உணவையேனும் குடும்பமாக அமர்ந்து உண்போம். அவ்வேளையில் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் ஒதுக்கி வைப்போம். பள்ளியில் நடந்ததைப் பிள்ளை சொல்லட்டும், குறுக்கிடாது கேட்போம். தாத்தாவும் பாட்டியும் தம் இளமைக்காலத்தைச் சொல்லட்டும். பேரப்பிள்ளைகள் அதனை ஏட்டில் எழுதி வைக்கட்டும்.

மங்கில் வடிந்த பாலை உரிய நேரத்தில் எடுக்காவிடில் அது உறைந்து கட்டியாகிவிடும். அக்கட்டிக்கும் ஒரு விலை உண்டு. கைநழுவிய அந்திப் பொழுதுக்கோ எவ்விலையும் இல்லை. இன்று மாலையே ஒன்றாக அமர்வோம்.