எதிர்வாதிக்கு இடமளிக்கும் ஏடுகள்



தத்துவ நூல் என்றதும் விலகிச் செல்லும் கவிஞர் பலர். அது வறண்டது, கலைச்சொற்களால் கனத்தது என்பது அவர்தம் எண்ணம். விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ இக்காலத் தத்துவ நூலொன்றைத் தேடும் இளைஞர், புகழ்பெற்ற பெயரை நம்பி எடுத்துச் சென்று பத்துப் பக்கங்களில் மூடிவிடுகிறார். குறை வாசகரிடம் இல்லை; தேர்ந்தெடுத்த முறையில் இருக்கிறது. ஈர்க்கும் தத்துவ நூலை அறிய எளிய அளவுகோல் ஒன்று உண்டு. எதிர்வாதியைப் பேசவிடுகிறதா அந்நூல் என்பதே அது.

இவ்வளவுகோல் தமிழுக்குப் புதியதன்று. திண்டிவனத்திற்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணரின் மடம் அமைந்த ஊர். அச்சமணம் தமிழுக்குத் தந்த நீலகேசி, பெண்ணொருத்தியை வாதியாக்கிப் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வேதவாதியர், பூதவாதியர் எனப் பல தரப்பாரை எதிர்கொள்ளச் செய்கிறது. குண்டலகேசியை மறுக்கவே அந்நூல் எழுந்தது. இன்று குண்டலகேசி முழுமையாகக் கிட்டவில்லை. எனினும் அதுபற்றி அறியக்கிடப்பவற்றுள் பல, மறுத்த நூலும் அதன் உரையும் காத்துத் தந்தவையே. தத்துவப் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி 1936இல் நீலகேசியை உரையுடன் பதிப்பித்தார்.

இக்கால நூல்களுள் தொடக்க வாசகர்க்கு உரியது நார்வே எழுத்தாளர் யொஸ்டைன் கார்டெர் 1991இல் வெளியிட்ட 'சோஃபியின் உலகம்'. ஆர். சிவகுமாரின் மொழிபெயர்ப்பில் தமிழில் கிடைக்கிறது. பதினான்கு வயதுச் சிறுமிக்கு வரும் கடிதங்கள் விடைகளைத் திணிப்பதில்லை, வினாக்களை எழுப்புகின்றன.

கவிஞர்கள் தவறவிடக்கூடாதது 'விரிசல் கண்ணாடி'. கோபால் குருவும் சுந்தர் சருக்கையும் 2012இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலைச் சீனிவாச ராமாநுஜம் தமிழாக்கியுள்ளார். சாதியின் இழிவை வாழ்ந்து அறிந்தவர் ஒருபுறம், அதற்குக் கோட்பாடு வகுப்பவர் மறுபுறம் எனப் பிரிந்து கிடப்பதன் அறம் என்ன என்று குரு வினவுகிறார். ஓர் அனுபவத்திற்கு உரியவரும் அதை எழுதுபவரும் ஒருவரேயாக வேண்டுமா என்று சருக்கை ஆராய்கிறார். இரு ஆசிரியரும் ஒருவரையொருவர் மறுத்தே நூல் வளர்கிறது.

இவ்வினா கவிதையின் அடிமடியிலேயே கை வைக்கிறது. சேரியின் துயரைச் சேரிக்கு வெளியே பிறந்தவர் பாடுகிறார். உழத்தியின் வலியை நிழலில் அமர்ந்தவர் பாடுகிறார். பாடும் உரிமையை அவருக்கு ஈந்தது எது? இரக்கம் மட்டும் போதுமா? இதற்கு விடை தேடாமல் எழுதப்படும் பரிவுக் கவிதை, பிறர் துயரைத் தன் அணியாகப் பூண்டுகொள்ளும். வாழ்ந்தவரே பாடலாம் என்று விதித்தாலோ, பிறர் நெஞ்சினுள் புகும் கவிதையின் ஆற்றலே சுருங்கிவிடும்.

பத்தாண்டு நிறைவுறும் இவ்வட்டம் திங்களுக்கு ஓர் அத்தியாயமாக இந்நூலை வாசிக்கலாம். நூலின் தரப்பை ஒருவர் எடுத்துரைக்க, மற்றொருவர் மறுக்கட்டும். மறுப்பவர் முதலில் எதிர்த்தரப்பை அத்தரப்பினரே ஒப்பும்வண்ணம் எடுத்துரைக்க வேண்டும் என்பது ஒன்றே விதியாகட்டும்.