பண்ணைப் பயிலரங்குக்குப் போகுமுன்...



வார இறுதியில் பேரங்காடிக்குப் போய் வந்த குடும்பங்களில் சில, இப்போது மண்வெட்டி பிடிக்கக் கற்றுக்கொள்ளப் போகின்றன. பினாங்கில் இதற்கு விதை போட்டவர்களில் முக்கியமானது பினாங்கு பயனீட்டாளர் சங்கம். 2019-ஆம் ஆண்டில் மறைந்த எஸ்.எம். முகமது இட்ரிஸ் நெடுங்காலம் தலைமையேற்று நடத்திய அந்தச் சங்கம், விவசாயிகள், ஆசிரியர்கள், இல்லத்தரசிகள் எனப் பல தரப்பினருக்கும் இயற்கை விவசாயத்தைக் கற்றுக் கொடுத்து வந்திருக்கிறது. சங்கத்தின் கல்வி அதிகாரியாகப் பணியாற்றிய என்.வி. சுப்பாராவ், வீட்டுத் தோட்டம், மட்கு உரம், பஞ்சகவ்யம் ஆகியவற்றைத் தமிழ் மக்களிடம் கொண்டு சேர்த்தவர்.

ஆனால், பயிலரங்குக்குப் போய் வருகிறவர்கள் எல்லாருமா பயனடைகிறார்கள்? பலர் நற்சான்றிதழோடும் நாலு படங்களோடும் திரும்புகிறார்கள். ஒரு மாதத்தில் உரத்தொட்டி நாற்றமெடுக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிக்கிறார். தொட்டி குப்பைக்குப் போய்விடுகிறது. குறை பண்ணையிலும் இல்லை, பாடத்திலும் இல்லை. வெறுங்கையோடு போனதுதான் குறை. கல்யாணத்துக்குப் போவதற்கே ஒரு வாரம் ஆயத்தம் செய்கிறவர்கள், வாழ்க்கை முறையை மாற்றப் போகும் ஒரு நாளுக்கு ஆயத்தம் செய்ய வேண்டாமா?

முதலில் உடலைப் பார்ப்போம். பண்ணை என்பது பூங்கா அல்ல. முழங்கால் வரை மூடும் ரப்பர் காலணி, முழுக்கைச் சட்டை, நீளமான காற்சட்டை, கையுறை, தொப்பி, கொசு விரட்டி, மாற்று உடை, தண்ணீர்ப் போத்தல் ஆகியவை கட்டாயம் வேண்டும். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் மழை மிகுந்தவை. அப்போது போகிறவர்கள் மழைச்சட்டையையும் சேர்த்துக் கொள்வது நல்லது. ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் எலியின் சிறுநீர் கலந்திருந்தால், தோலில் உள்ள சிறு கீறல் வழியாகவே எலிக்காய்ச்சல் கிருமி உடலுக்குள் புகுந்துவிடும். மலேசியாவில் 2010-ஆம் ஆண்டு முதல் இது சுகாதாரத் துறைக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று.

நீரிழிவு உள்ளவர்களுக்கு எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, நாட்டில் ஏறக்குறைய ஐந்து பெரியவரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாகக் காட்டியது. இந்தியர்களிடையே அந்த விகிதம் இன்னும் அதிகம். எனவே, "வெறுங்காலில் நடந்து மண்ணை உணருங்கள்" என்று பயிற்றுநர் அன்போடு சொன்னாலும், நீரிழிவு உள்ளவர் காலணியைக் கழற்றக் கூடாது. இரணஜன்னித் தடுப்பூசி எப்போது போட்டது என்பதையும் முன்கூட்டியே பார்த்துக் கொள்ள வேண்டும். திரும்பி வந்த இரண்டு, மூன்று வாரத்திற்குள் காய்ச்சல் கண்டால், மண்ணில் வேலை செய்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியம் உயிரைக் காக்கக் கூடியது.

அடுத்தது வீட்டுக் கணக்கு. பயிலரங்குக்கு ஒரு வாரம் முன்பே, சமையலறைக் கழிவைத் தினமும் தராசில் நிறுத்து எழுதி வர வேண்டும். காய்கறித் தோல் எவ்வளவு, மிஞ்சிய சோறு எவ்வளவு, மீன் கழிவு எவ்வளவு என்று தனித்தனியாகக் குறித்துக் கொள்வது அவசியம். ஏனெனில், மூன்றுக்கும் வழி வேறு. காய்கறித் தோல் சாதாரண உரத்தொட்டியில் எளிதாக மட்கும். சோறும் மீனும் அதே தொட்டியில் விழுந்தால் நாற்றமும் எலியும்தான் மிச்சம். மீன் கழிவைச் சம எடை வெல்லத்தோடு மூடிவைத்து மீன் அமிலமாக்கும் முறை தனியாக இருக்கிறது. அதைப் பண்ணையில் கேட்டுத் தெரிந்து கொள்ளலாம்.

உரத்தொட்டியில் ஒரு பங்கு பச்சைக் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த பொருள் வேண்டும். காய்ந்த இலை, கிழித்த அட்டைப்பெட்டி, மரத்தூள் போன்றவை அவை. அடுக்குமாடி வீட்டில் பச்சைக்குப் பஞ்சமில்லை; காய்ந்ததற்குத்தான் பஞ்சம். ஆகவே, காய்ந்த இலை எங்கே கிடைக்கும் என்பதைப் போவதற்கு முன்பே கண்டுபிடித்து வைத்தவருடைய தொட்டி நாறாது.

வெயிலுக்கும் கணக்கு உண்டு. கத்தரி, வெண்டை, மிளகாய்க்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். கீரைகள் அதைவிடக் குறைவான வெயிலிலும் சமாளிக்கும். பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து பாகை சொச்சத்தில் இருக்கிறது. அதனால், ஏப்ரல் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே நிற்கும். வடக்குப் பார்த்த மாடத்தில் ஜூன் மாதம் காய்த்த மிளகாய் டிசம்பரில் சோர்ந்து போனால், அதற்குக் காரணம் உரமல்ல, சூரியன்தான். மாடம் எந்தத் திசை பார்த்தது, எந்த நேரம் வெயில் விழுகிறது என்று ஒரு தாளில் வரைந்து கொண்டு போனால், பயிற்றுநர் அந்த வீட்டுக்கே வந்து பார்த்ததுபோல் ஆலோசனை சொல்ல முடியும்.

மூன்றாவது, கேள்விகள். இந்தப் பண்ணையில் விளைவதை யார் சாப்பிடுகிறார்கள்? மழை தொடர்ந்து பெய்தால் என்ன செய்கிறீர்கள்? இங்கே எது தோற்றது? இந்தக் கடைசிக் கேள்விதான் மிக முக்கியமானது. உண்மையான விவசாயி தோற்ற கதையைத் தயங்காமல் சொல்வார். எல்லா நோய்க்கும் ஒரே போத்தல் மருந்து என்று விற்கிறவர் சொல்லமாட்டார். பொருளை 'இயற்கை விளைச்சல்' என்று விற்றால், விவசாயத் துறை வழங்கும் மைஆர்கானிக் சான்றிதழ் உண்டா என்று கேட்பதில் தவறில்லை. சான்றிதழ் இல்லாத சிறு விவசாயி எல்லாரும் பொய்யர் என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. அவர் வயலைத் திறந்து காட்டத் தயாரா என்பதே கேள்வி.

ஏன் இவ்வளவு அக்கறை என்று சிலர் நினைக்கலாம். இந்நாட்டுத் தமிழர்களுக்கும் மண்ணுக்கும் உள்ள உறவு சாதாரணமானதன்று. பால்மரக் காட்டிலும் செம்பனைத் தோட்டத்திலும் முதுகில் விஷக் கொள்கலனைச் சுமந்து, களைக்கொல்லி தெளித்தவர்களில் பலர் தமிழ்ப் பெண்கள். நகம் கழன்று, மூக்கில் இரத்தம் கசிந்து, கண் எரிந்து அவர்கள் பட்ட பாட்டை, தெனாகனித்தா அமைப்பும் பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட பூச்சிக்கொல்லி எதிர்ப்புக் கூட்டமைப்பும் 2002-ஆம் ஆண்டில் ஆய்வறிக்கையாக வெளியிட்டன. அதே ஆண்டில் பாராகுவாட் களைக்கொல்லிக்குத் தடை அறிவிக்கப்பட்டது. 2006-ஆம் ஆண்டில் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. முழுத் தடை நடப்புக்கு வந்தது 2020 ஜனவரி முதல் தேதியில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை கைகள் அந்த விஷத்தைத் தொட்டிருக்கும்!

அந்தப் பாட்டிமார் இன்னும் பல வீடுகளில் இருக்கிறார்கள். லயத்து வீட்டுக் கொல்லையில் முருங்கையும் கருவேப்பிலையும் பாகற்காயும் வளர்த்தவர்கள் அவர்கள். பயிலரங்குக்கு ரிங்கிட் கட்டிப் பெயர் பதியும் இளையோர், புறப்படுவதற்கு முந்திய இரவில் பாட்டியின் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்கட்டும். எந்த மாதம் என்ன விதைத்தீர்கள்? பூச்சிக்கு என்ன தெளித்தீர்கள்? தோட்டத்தில் மருந்தடித்துவிட்டு வந்த கையை எதில் கழுவினீர்கள்? இக்கேள்விகளுக்கு எந்தப் பயிற்றுநராலும் பதில் சொல்ல முடியாது. முடிந்தால் பாட்டியையே பண்ணைக்கு அழைத்துச் செல்லலாம். நாற்காலியும் குடையும் கொண்டு போனால் போதும்.

பண்ணையிலிருந்து திரும்பியதும் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முயல வேண்டாம். ஒரு தொட்டி, ஒரு கீரை, மூன்று மாதம் என்று தொடங்கினால் போதும். மூன்று மாதம் கழித்து மறுபடியும் தராசை எடுத்து, ஒரு வாரக் குப்பையை நிறுத்துப் பாருங்கள். பழைய கணக்கைவிட எடை குறைந்திருந்தால் பயிலரங்கு வெற்றி. அந்தத் தாளைவிடப் பெரிய நற்சான்றிதழ் வேறில்லை.