பிள்ளையின் சாட்சியம்



பத்தாண்டு நிறைவு விழாவில் வாழ்த்துரைப்பதே மரபு. கவிஞர்கள் கூடிய அவை என்பதால், கவிதையின்மீது ஒரு வழக்கைக் கொண்டு வந்திருக்கிறேன். பொறுத்தருள்க.

உரால் மலைகளுக்குக் கிழக்கே கெராசிமோவ்கா என்றொரு சிற்றூர். பாவ்லிக் மோரோசொவ் 1918இல் பிறந்தவன். அவன் தந்தை ஊர் சோவியத்தின் தலைவர். குடிபெயர்க்கப்பட்ட உழவர்களுக்குப் பொய்ச் சான்றிதழ் விற்றார் என்று அவர்மீது குற்றஞ்சாட்டித் தண்டித்தார்கள். காட்டிக்கொடுத்தவன் மகனே என்பது கதை. 1932 செப்டம்பரில், பழம் பறிக்கக் காட்டுக்குப் போன பாவ்லிக்கும் அவன் தம்பியும் கொல்லப்பட்டனர். பாட்டனும் பாட்டியும் உள்ளிட்ட உறவினரே கொலையாளிகள் என்று தீர்ப்பாயிற்று.

அவன் உண்மையில் புகார் செய்தானா? ஆவணங்களைத் துருவிப் பார்த்து 2005இல் நூல் எழுதிய கத்ரியோனா கெல்லிக்கு அதற்குத் திடமான சான்று கிட்டவில்லை. கிட்டுவது இது: தந்தை குடும்பத்தைக் கைவிட்டு வேறொருத்தியுடன் வாழப் போயிருந்தார். அந்தப் பையன் வாய் திறந்திருந்தால், அது கட்சிக்காகவா, அழுதுகொண்டிருந்த தாய்க்காகவா? இந்தக் கேள்வியை எந்தப் பாடப்புத்தகமும் கேட்கவில்லை.

பிணத்தை வீரனாக்கியவர்கள் காவலர்கள் மட்டுமல்லர், எழுத்தாளர்களும்தாம். ரகுநாதன் தமிழாக்கத்தில் 'தாய்' படித்து வளர்ந்தவர்கள் நம்மில் பலர். மகனுக்குத் துணைநின்ற தாயைப் படைத்த அதே கார்க்கி, தந்தையைக் காட்டிக்கொடுத்த மகனுக்குச் சிலை வேண்டும் என்றார். 1948இல் மாஸ்கோவில் சிலை எழுந்தது. ஸ்தெபான் ஷிபச்சோவ் 1950இல் அவனைப் பற்றி நெடுங்கவிதை எழுதினார். மறு ஆண்டு ஸ்டாலின் பரிசும் பெற்றார். சிலை 1991 ஆகஸ்டில் இறக்கப்பட்டது.

அதே 1950இல் இன்னொரு கவிஞரும் ஆட்சியைப் புகழ்ந்து பாடினார். அவர் அன்னா அக்மதோவா. 'அகன்யோக்' இதழில் அச்சான அந்தக் கவிதைகள் பரிசுக்காக எழுதப்பட்டவை அல்ல. முந்தைய ஆண்டு மீண்டும் கைதாகியிருந்த மகன் லெவ் குமிலியோவை மீட்பதற்காக எழுதப்பட்டவை. பலன் கிட்டவில்லை. கவிஞர் தம் கவிதைக்குத் துரோகம் செய்தாரா, தாய் தன் பிள்ளைக்கு விசுவாசமாக இருந்தாரா? இரண்டும் ஒரே வரியில் நிகழ்ந்தன என்பது என் எண்ணம். திறனாய்வாளர்கள் அவற்றை மோசமான கவிதைகள் என்று ஒதுக்குகிறார்கள். ஒதுக்கட்டும், அவை நல்ல கவிதைகளாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

லெவின் தந்தை, கவிஞர் நிகலாய் குமிலியோவ், 1921இல் சுட்டுக் கொல்லப்பட்டார். மகனுக்கு அப்போது வயது 8. பாட்டியிடம் வளர்ந்த அந்தச் சிறுவனுக்குப் பாடநூல் தரக் கூடாது என்று அவனுடைய பள்ளிப் பிள்ளைகளே தீர்மானித்தார்கள். தந்தையைப் பழித்து ஒரு சொல் சொல்லியிருந்தால் ஒருவேளை தப்பியிருக்கலாம். அப்படிச் செய்த பிள்ளைகள் அந்நாட்டில் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களை இகழ எனக்கு மனமில்லை. 1937 ஆகஸ்டில் பிறந்த உத்தரவோ, 'துரோகி'களின் மனைவியரை முகாமுக்கும் குழந்தைகளை அனாதை இல்லத்துக்கும் அனுப்பியது.

1956இல் லெவ் விடுதலையானார். தம்மை மீட்கத் தாய் போதிய முயற்சி செய்யவில்லை என்னும் மனக்குறை அவரை விட்டு அகலவில்லை. இருவரும் பேச்சற்றுப் பிரிந்தனர். 1966இல் அக்மதோவா மறைந்தபோது கோமரோவோ கல்லறையில் அவரை அடக்கம் செய்தவர் அந்த மகன்தாம். தம் மாணவர்களுடன் கற்களைத் திரட்டி, தாயின் தலைமாட்டில் ஒரு சுவர் எழுப்பினார். மகனுக்கான பொட்டலத்துடன் தாய் மாதக்கணக்கில் நின்ற சிறைச் சுவரைப் போன்றது அது.