காப்பு நகல் யார் பொறுப்பு?



தோட்டத்தில் காலைப் பெரட்டு நடந்த நாட்களை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். கிராணியார் செக்ரோலில் பேர் போட்டால்தான் அன்றைய கூலி உண்டு. பேர் விட்டுப் போனால், நாள் முழுக்கப் பால் வெட்டியிருந்தாலும் கணக்கில் நாம் வேலைக்கு வராதவர்களே. அந்தப் புத்தகத்தைக் கரையான் அரித்துவிட்டால், சேமநிதிக்கும் சொக்சோவுக்கும் சான்று தேடி அலைய வேண்டியதுதான்.

அந்தக் கணக்கெல்லாம் இன்று கணினிக்குள் போய்விட்டது. நம் பிள்ளைகள் பலரும் கணினியின் முன் அமர்ந்து வேலை பார்க்கிறார்கள். ஆகவே, கணக்கைக் காப்பாற்றும் வழியை நாமும் தெரிந்துகொள்வோம்.

ஓர் அலுவலகத்தில் இருபது கணினிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றில் உள்ள கோப்புகளின் நகல் இரவுதோறும் ஒரு பொதுக் கணினிக்குப் போய்ச் சேருகிறது. இதையே காப்பு நகல் என்கிறோம். எதை நகல் எடுப்பது என்பதை அவரவர் விருப்பத்துக்கு விட்டால் என்ன ஆகும்? ஒருவர் கல்யாணப் படங்களையும் சினிமாப் பாட்டுகளையும் சேர்த்து இடத்தை நிரப்பிவிடுவார். இன்னொருவர் சம்பளப் பட்டியலைத் தம் கணினியில் ஏதோ ஒரு மூலையில் வைத்துவிட்டு மறந்துபோவார். வேறொருவர், வேலை மெதுவாகிறது என்று நகல் எடுப்பதையே நிறுத்திவிடுவார். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் கணினி பழுதாகும் நாளில் பாட்டு திரும்பி வரும். சம்பளப் பட்டியல் வராது.

அதனால்தான், இதைப் பொறுப்பாளர் ஒருவர் ஓரிடத்திலிருந்து தீர்மானிக்க வேண்டும் என்கிறோம். அலுவலகக் கோப்புகளை எந்த இடத்தில் சேமிப்பது, பாட்டு, படம் போன்ற எவற்றை விலக்குவது, எத்தனை மணிக்கு நகல் எடுப்பது, எவ்வளவு காலம் வைத்திருப்பது என்று அவர் விதி வகுக்கிறார். அந்த விதி எல்லாக் கணினிகளுக்கும் போய்விடும். மேசையில் இருப்பவர் அதை மாற்ற முடியாது. முதல் முறை முழு நகல். அதன்பின் அன்றன்று மாறியவை மட்டும். இதனால் இடமும் மிச்சம், நேரமும் மிச்சம். கால அளவும் முக்கியம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, முதலாளி தொழிலாளர் பதிவேட்டு விவரங்களை 6 ஆண்டுகளுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். இதை ஒருவரின் ஞாபகத்துக்கு விடலாமா?

அதிகாரம் ஒருவரிடம் இருந்தால் கடமையும் அவரிடமே. 2017 ஜனவரி 31ஆம் தேதி, கிட்லேப் என்ற நிறுவனத்தில் ஓர் ஊழியர் தவறான கணினியில் இருந்த விவரத் தொகுதியை அழித்துவிட்டார். நகல் எடுக்க ஐந்து வழிகள் வைத்திருந்தும் ஒன்றும் சரியாக உதவவில்லை. நகல் எடுக்கத் தவறியதைச் சொல்லும் எச்சரிக்கைக் கடிதங்கள்கூட உரியவர்களுக்குச் சேரவில்லை. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்த ஒரு நகல்தான் கைகொடுத்தது. அதற்குப் பின் பதிவான விவரங்கள் போனது போனதுதான்.

ஆகவே, பொறுப்பாளர் அவ்வப்போது ஒரு கோப்பை நகலிலிருந்து மீட்டுப் பார்க்க வேண்டும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் கிருமிகள் இணைப்பின் வழியே நகலையும் தொற்றக்கூடும். ஒரு நகலைத் தனியே, வேறிடத்தில் வைப்பது நல்லது. எது நகலாகிறது, எது ஆகாது என்பதை ஊழியர்களுக்கும் சொல்லிவிட வேண்டும்.

அலுவலகத்தில் வேலை செய்யும் மகனிடமோ மகளிடமோ இன்றிரவு ஒன்று கேளுங்கள்: "உன் கோப்பு காணாமற்போனால் யாரிடம் போவாய்?" அதற்குப் பதில் தெரிந்திருந்தால் நல்லது. தெரியாவிட்டால் நாளையே விசாரிக்கச் சொல்லுங்கள். நாமும் நம் சம்பளச் சீட்டுகளைக் கட்டிப் பத்திரமாக வைப்போம். அதுவும் ஒரு காப்பு நகல்தானே!