மீண்டும் முதற்படியிலிருந்து



உப்பளத்து வரப்புகளில் ஓடி வளரும் நம் பிள்ளைகளுக்கு டென்னிஸ் அயலான ஆட்டமே. ஆயினும் இன்று ஒரு டென்னிஸ் வீரரைப் பற்றியே பேச விழைகின்றேன்.

அவர் சென்னையில் 1989-இல் பிறந்த பிரஜ்னேஷ் குணேஸ்வரன். அவ்வாட்டத்தில் அன்று அடிப்படி ஃப்யூச்சர்ஸ். அதற்கு மேல் சேலஞ்சர். அதற்கும் மேலே உலகப் பெரும் போட்டிகள். அடிப்படியில் கிட்டும் பரிசுப் பணம் பயணச் செலவுக்கே போதாது. அந்நிலையில் முழங்கால் எலும்பில் விரிசல் கண்டு, ஆண்டுக்கணக்கில் ஆட்டத்தை விட்டு ஒதுங்கினார். மீண்டபோது, மறுபடியும் அடிப்படியிலிருந்தே தொடங்கினார்.

2018-இல் சீனத்து ஆனிங் நகரில் முதல் சேலஞ்சர் பட்டம். அதே ஆண்டில் ஆசிய விளையாட்டில் வெண்கலம். 2019 ஏப்ரலில் உலகத் தரவரிசையில் 75-ஆம் இடம். அவ்வாண்டு நான்கு கிராண்ட் ஸ்லாம் போட்டிகளிலும் ஆடினார். நான்கிலும் முதற்சுற்றிலேயே தோற்றார். 2024-இல் ஓய்வு பெற்றார்.

அவருக்குக் களமும் பயிற்சியும் கிடைத்தன. அவை கிடைக்காதவனிடம் ‘முயன்றால் முடியும்’ என்று மட்டும் கூறுவது அநீதி. வாய்ப்பை உரிமையாகக் கேட்டுப் பெறுவது சங்கத்தின் கடமை. கிடைத்த படியில் காலூன்றுவது மாணவர் கடமை.

என் மாணவன் ஒருவன் பத்தாம் வகுப்பில் ஒரே பாடத்தில் தவறி, உப்பள வேலைக்குச் சென்றான். மறுதேர்வுக்கு அழைக்க நான் அவன் வீட்டுக்குச் செல்லவில்லை. அக்குறை இன்றும் என்னை உறுத்துகின்றது.

அவ்வாறு தவறியவர் இங்கிருப்பின், நாளைக் காலை பள்ளிக்கு வாருங்கள். விண்ணப்பத்தை நானே நிரப்பித் தருகின்றேன்.