மருந்தைத் திரும்பக் கேட்டால்

"மருத்துவர் கொடுத்த இன்ன மருந்தைத் திரும்பக் கொடுத்துவிடுங்கள்" என்று வானொலியிலோ நாளிதழிலோ அறிவிப்பு வந்தால் நாம் என்ன செய்கிறோம்? "ஆசுபத்திரி மருந்திலா குறை இருக்கும்?" என்று சிலர் ஒதுக்கிவிடுகிறோம். வேறு சிலர் பயந்துபோய், வீட்டிலுள்ள மாத்திரைகளையெல்லாம் கால்வாயில் கொட்டிவிடுகிறோம். இரண்டும் தவறு. அமெரிக்காவில் நடந்த ஓர் உண்மை நிகழ்ச்சி இதை நமக்கு நன்கு விளக்கும்.

1937-ஆம் ஆண்டு. பெனிசிலின் மக்கள் கைக்கு வராத காலம். தொண்டைப்புண் முதலான கிருமி நோய்களுக்குச் சல்ஃபனிலமைடு என்பது கைகண்ட மருந்து. மாத்திரையாகவும் தூளாகவும் கிடைத்த அதைக் குடிக்கும் மருந்தாக்க டென்னசி மாநிலத்து நிறுவனம் ஒன்று முனைந்தது. டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் திரவத்தில் கரைத்து, ராஸ்பெரிப் பழச்சுவையும் சேர்த்தது. நிறம் பார்த்தார்கள், மணம் பார்த்தார்கள், சுவை பார்த்தார்கள். நஞ்சா என்று மட்டும் பார்க்கவில்லை. மருந்து நல்லதுதான், அதைக் கரைத்த திரவமோ சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் குழந்தைகள்.

தயாரித்தது 240 கேலன். நிறுவனம் முதலில் அனுப்பிய தந்தியில் "மருந்தைத் திருப்பி அனுப்புங்கள்" என்று மட்டுமே இருந்தது. உயிருக்கு ஆபத்து என்ற சொல் இல்லை. அரசாங்கம் வற்புறுத்திய பிறகே எச்சரிக்கையோடு மறு தந்தி சென்றது. அரசாங்கத்தின் 239 ஆய்வாளர்களும் இரசாயன வல்லுநர்களும் ஊர் ஊராகத் தேடி அலைந்து, பெரும்பகுதியை மீட்டனர்.

மருந்து வாங்கிய ஒரு குடும்பம் மலைப்பகுதிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அவ்வீட்டு மூன்று வயதுச் சிறுவனைக் கண்டுபிடிக்க, ஒரு மருத்துவர் தம் திருமணத்தையே தள்ளிவைத்து உடன் தேடினார். இன்னொரு பெண்மணி, மருந்தை அழித்துவிட்டதாகச் சொன்னார். துருவிக் கேட்டபோதுதான் சன்னல் வழியே சந்தில் எறிந்தது தெரிந்தது. போய்ப் பார்த்தால் புட்டி உடையவில்லை! ஒரு குழந்தையைக் கொல்லும் அளவு மருந்து அதில் எஞ்சியிருந்தது. இந்தத் துயரத்தின் விளைவாக, பாதுகாப்பை மெய்ப்பிக்காமல் புதிய மருந்தை விற்கக்கூடாது என்று 1938-இல் அந்நாட்டில் சட்டம் வந்தது.

நேயர்களே, இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை என்ன?

முதலாவது, பெயர் ஒன்றாக இருந்தாலும் எல்லா மாத்திரையிலும் குறை இருப்பதில்லை. ஒரே வேளையில் செய்த ஒரு தொகுதியில் மட்டும் பழுது இருக்கலாம். மருந்தின் அளவு குறைந்திருக்கலாம்; வேறு பொருள் கலந்திருக்கலாம்; லேபிள் மாறியிருக்கலாம். ஆகவே, மருந்தின் பெயரோடு தொகுதி எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அட்டையைக் கத்தரிக்கும்போது அந்த எண்ணை வெட்டி எறிந்துவிடக்கூடாது. சிறு பையில் போட்டுத் தந்த மாத்திரையானால், பையோடு கிளினிக்கிற்கு எடுத்துச் சென்று கேட்பதே வழி.

இரண்டாவது, கிருமிக்கொல்லி மருந்தை நாமாகப் பாதியில் விட்டுவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது. நோய் திரும்பவும் தலைதூக்கும். "உடனே நிறுத்துங்கள்" என்று அறிவிப்பில் இருந்தால் நிறுத்த வேண்டும். அன்றைக்கே கிளினிக்கிற்குப் போய் மாற்று மருந்து வாங்க வேண்டும்.

மூன்றாவது, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நம் மாத்திரையில் இரண்டைக் கொடுக்கிறோம். நல்ல மனம்தான். ஆனால், கிளினிக் ஏட்டில் நம் பெயர்தான் இருக்கும். அந்தப் பிள்ளையின் பெயர் இராது. ஆபத்து வந்தால் அதை யார் தேடிப் போவார்? வீடு மாறும்போது புதிய முகவரியைக் கிளினிக்கில் சொல்லி வைப்பதும் இதற்காகத்தான்.

கடைசியாக, பழுதான மருந்தைக் கால்வாயிலும் குப்பையிலும் போடக்கூடாது. வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளே அட்டையிலுள்ள எண்ணைப் படித்துச் சொல்லலாம். படித்த படிப்பு ஓர் உயிரைக் காக்குமானால், அதைவிடப் பெரிய பயன் வேறு என்ன இருக்கிறது?